தராசுக்குள்ள இருக்கிற பச்சைப் பலகை

எங்க அம்மா நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவங்க. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு நேரா மடுவத்துக்குத்தான் போவேன். அப்போ அங்க இருந்தது வட்ட முகம் வச்ச தொங்கு தராசு. சாக்கைக் கொக்கியில் மாட்டினதும் முள்ளு ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். எங்க நின்னது என்று வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். "தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு" என்று கழிக்கும்போது சண்டை பிடிக்கவாவது முடிஞ்சது.

இப்போ பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருச்சு. சிவப்பு எழுத்தில் எண் வரும், பதிவாகும், அடுத்த ஆள். "மெஷின் பொய் சொல்லாது" என்கிறார்கள். சரி, மெஷினுக்குப் பொய் தெரியாது. ஆனா மெஷினுக்கு உண்மையும் தெரியாது. அதைச் செய்தவரும் செட் பண்ணினவரும் சொல்லிக் கொடுத்ததுதான் தெரியும்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு என்று பார்ப்போம். சாக்கின் பாரம் ஒரு உலோகத் துண்டை நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவு வளைக்கும். லோட் செல் என்பது இதுதான். அதில் ஒட்டியிருக்கிற மெல்லிய கம்பிகள் இழுபடும்போது மின்தடை கொஞ்சம் மாறும். 50 கிலோ தராசு ஒன்றை எடுத்தால், முழுப் பாரத்துக்கும் சேர்த்து 10 மில்லிவோல்ட் அளவுதான் வரும். அதாவது ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிவோல்ட். டோர்ச்சுக்குப் போடுற 1.5 வோல்ட் பற்றரியை 7,500 பங்கு வச்சு, அதில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கில்தான் அம்மாவோட ஒரு கிலோ இருக்கு.

இவ்வளவு சின்னச் சமிக்ஞையை எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 மாதிரி 24 பிட் சிப் ஒன்று வேணும். அதை வாசித்துக் கணக்குப் போட ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேணும். பலகையை வடிவமைக்கிறவர் இங்க கவனமா இல்லாட்டி எல்லாம் கெட்டுப்போகும். நம்ம ஊர் மூடுபனி தெரியும்தானே? ஈரம் பலகையில் படிஞ்சால் கோட்டுக்குக் கோடு மின்சாரம் கசியும், எண் நகரும். அதனால் பலகைக்கு ஈரம் தாங்கும் பூச்சு வேணும். பற்றரி இறங்கும்போது லோட் செல்லுக்குப் போற வோல்ட்டும் இறங்கும். அதே வோல்ட்டையே சிப்புக்கும் அளவுகோலாகக் கொடுத்தால் ரெண்டும் சேர்ந்து இறங்கும், எடை மாறாது. தனித்தனியாகக் கொடுத்தால் மாறும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே ஒரு தராசு குறைச்சுக் காட்ட முடியும்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கு. சிப் தருகிற எண்ணைக் கிலோவாக மாற்ற, மைக்ரோகன்ட்ரோலரின் நினைவகத்தில் ஒரு பெருக்கு எண் சேமிச்சிருக்கும். அது ரெண்டு சதவீதம் பிசகினால் என்ன நடக்கும்? ஒரு முழுப்பேருக்கு 18 கிலோ என்று வச்சுக்குவோம். அம்மா எடுத்தது 18.3. தராசு காட்டுறது 17.93. முழுப்பேர் அரைப்பேராகிவிடும். வெறும் முள்ளுத் தராசில் முள்ளு தள்ளி நின்றால் அது கண்ணில் படும், ஆனா இந்த மாதிரிப் பெருக்குப் பிசகு அதிலும் அப்படித் தெரியாது. டிஜிட்டலிலும் தெரியாது. வெறும் தராசு அழகாப் பூஜ்ஜியம் காட்டும்.

உடனே சிலர் சொல்வாங்க: "அப்போ பழைய தராசே நல்லது." இல்லை. பழைய தராசிலும் கழிச்சாங்க. டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பலகை யாருக்காக வடிவமைக்கப்படணும் என்பதுதான் என் கேள்வி. நிறுக்கிறவருக்கு மட்டுமா, நிறுபடுகிறவருக்குமா?

என்னைக் கேட்டால் மூன்று விஷயம் வேணும். ஒன்று, எண் காட்டும் திரை ரெண்டு பக்கமும் இருக்கணும், தொழிலாளி முகத்துக்கு நேரா ஒன்று. ரெண்டு, மொத்த எடை, கழிவு, மிச்சம் மூன்றும் தனித்தனியாகத் துண்டில் அச்சாகணும். மூன்று, பெருக்கு எண்ணை மாற்றும் ஒவ்வொரு தடவையும் தானாகக் கூடுகிற, யாராலும் குறைக்க முடியாத ஒரு எண்ணி இருக்கணும். இது என் கற்பனை இல்லை. தராசுகளுக்கான ஓஐஎம்எல் ஆர்76 என்ற சர்வதேசப் பரிந்துரையில் இப்படிப்பட்ட எண்ணி பற்றிப் பேசப்பட்டிருக்கு. நம்ம நாட்டிலும் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இருக்கு. தராசைச் சோதித்து முத்திரை குத்த ஒரு திணைக்களமும் இருக்கு. உங்க மடுவத்துத் தராசில் அந்த முத்திரையைப் பார்த்திருக்கிறீங்களா?

உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 2005இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் பிறந்த ஆர்டுயினோ பலகையின் வரைபடத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதில் எல்ஈடி மினுக்கிப் பழகினது போதும். ஒரு லோட் செல், ஒரு எச்எக்ஸ்711 வாங்கிச் சின்னத் தராசு ஒன்று செய்து பாருங்க. பெருக்கு எண்ணை நீங்களே மாற்றிப் பாருங்க. ஒரே சாக்கு 20 கிலோவாகவும் 19.6 ஆகவும் மாறுகிறதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர், மடுவத்தில் சும்மா நிற்கமாட்டார்.

அந்தத் தராசைக் கொண்டுபோய் மடுவத்தில் மாட்ட முடியாது, சட்டம் விடாது. விடவும் கூடாது. ஆனா எடை தெரிஞ்ச, முத்திரை குத்தின 5 கிலோ படிக்கல் ஒன்றை மடுவத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். காலையில் முதல் சாக்குக்கு முன்னால் அதை எல்லார் முன்னாலும் தராசில் வைக்கட்டும். எண் 5.00 வந்தால் வேலையைத் தொடங்குவோம். வராட்டி, அம்மாமார் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைகளாக நாம இருக்கணும்.