தீக்குத் தப்பிய ஏடு கத்தரிக்குத் தப்பவில்லை!

அவன் ஒரு தொழிலாளி. முறை வைத்து வேலைக்குப் போகிறவன். தலையிலே தொப்பி, தொப்பியிலே 451 என்ற எண், உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. தீயணைப்பு நிலையத்திலே வேலை. ஆனால் தோழர்களே, அவன் தீயை அணைக்கப் போகிறவன் அல்லன், வைக்கப் போகிறவன்! எந்த வீட்டிலே புத்தகம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று துப்புக் கிடைக்கிறதோ, அந்த வீட்டுக்கு மணியடித்துக் கொண்டு வண்டி பறக்கும். குழாயிலே தண்ணீர் வராது, மண்ணெண்ணெய் வரும். ஷேக்ஸ்பியர் எரிவார், பிளேட்டோ எரிவார். எரிந்து முடிந்ததும் முகத்திலே படிந்த கரியைத் துடைத்துக் கொண்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பான். அப்பன் செய்த வேலை, பாட்டன் செய்த வேலை, அவனும் செய்கிறான். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

மாண்டாக் என்பது அவன் பெயர். 'பாரன்ஹீட் 451' என்ற ஆங்கில நாவலின் நாயகன். தாள் தீப்பற்றிக் கொள்ளும் சூடு அது என்று குறித்து, அதையே நூலுக்குப் பெயராகச் சூட்டினார், ரே பிராட்பரி என்ற அமெரிக்க எழுத்தாளர். வெளிவந்தது 1953 அக்டோபரில். பொன்னுலகம் காட்டும் கதைகள் உண்டு. இது புண்ணுலகம் காட்டும் கதை! ஹக்ஸ்லி 1932-லே ஒன்று எழுதினார், ஆர்வெல் 1949-லே ஒன்று எழுதினார். அந்த வரிசையிலே வைத்து எண்ணப்படுகிற ஏடு இது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலே, ஆங்கில வகுப்பிலே, பல்லாண்டுகளாகப் பாடமாக இருந்து வருகிறது. மீசை அரும்பாத பிள்ளைகள் இதைப் படித்து, விவாதித்து, கட்டுரை எழுதி, மதிப்பெண் வாங்குகிறார்கள்.

அந்த வகுப்பறையைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம். அதற்கு முன்னால், எழுதியவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

பிராட்பரியின் தந்தை கம்பத்திலே ஏறிக் கம்பி இழுத்த தொழிலாளி. மகன் 1938-லே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளியை முடித்தார். கல்லூரிக்குப் போகக் காசில்லை. தெருமுனையிலே நின்று பத்திரிகை விற்றார். வாரத்துக்கு மூன்று நாள் பொது நூலகத்துக்குப் போனார், பத்தாண்டுகள் போனார். அதுதான் அவர் கண்ட கல்லூரி! பின்னாளிலே, அந்நகரத்துப் பல்கலைக் கழக நூலகத்தின் நிலவறையிலே வாடகைத் தட்டச்சுப் பொறிகள் இருப்பதைக் கண்டார். 10 சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் தட்டலாம். இந்த நாவலின் முதல் வடிவத்தை அங்கேதான் அடித்தார். ஆன செலவு 9 டாலர் 80 சென்ட் என்று அவரே சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 49 மணி நேரம்! தலைக்கு மேலே அடுக்கடுக்காகப் புத்தகங்கள். கீழே, காசு தீர்வதற்குள் வாக்கியத்தை முடித்தாக வேண்டுமே என்று விரல் பறக்க ஒரு மனிதன், புத்தகங்களை எரிக்கும் கதையை எழுதிக் கொண்டிருக்கிறான்.

காலமும் கனல் கக்கிய காலம். 1933 மே 10 அன்று பெர்லின் நகரத்துச் சதுக்கத்திலே நாஜிகள் மூட்டிய புத்தகத் தீயை உலகம் கண்டிருந்தது. அமெரிக்காவிலேயே மெக்கார்த்தி என்ற செனட்டர், எவன் சிவப்பன், எவன் வைத்திருக்கும் ஏடு சிவப்பு என்று வேட்டையாடிக் கொண்டிருந்த நேரம். புத்தகம் எரிப்போர் கூட்டத்திலே சேராதீர்கள் என்று, 1953 ஜூன் மாதம் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவிலே, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே சொல்ல வேண்டி வந்தது என்றால், நிலைமையை நாம் விளக்கவா வேண்டும்?

இனி வகுப்பறைக்கு வருவோம்.

கதையிலே கிளாரிஸ் என்றொரு பெண் வருகிறாள். பதினேழு வயது என்று சொல்லிக் கொள்பவள். மாண்டாக்கை முதன்முதலாகச் சிந்திக்க வைத்தவள் அவள்தான். பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவள். ஏன் போகவில்லை என்றால், அங்கே திரையிலே பாடம் ஓடுகிறது, விடைகள் மழையாய்க் கொட்டுகின்றன, கேள்வி கேட்பார்தான் ஒருவரும் இல்லை என்கிற பொருள்பட ஒரு பதில் சொல்கிறாள். இந்த இடத்தை வகுப்பிலே படிக்கும்போது, கெட்டிக்கார மாணவன் ஒருவன் தலை நிமிர்ந்து தன் ஆசிரியரைப் பார்ப்பானா, மாட்டானா? பார்க்க வேண்டும். பார்த்தால் அந்த ஆசிரியர் கோபப்படக் கூடாது. பார்க்க வைப்பதற்காகத்தானே அந்தப் பாடம்!

இன்னோரிடம். பீட்டி என்பவன் தீயணைப்பு நிலையத்துத் தலைவன். நிறையப் படித்தவன், படித்துவிட்டுப் படிப்பையே எரிக்கத் துணிந்தவன். நம் நாட்டிலும் இத்தகைய மேதாவிகளைக் கண்டிருக்கிறோம்! அவன் மாண்டாக்குக்கு வரலாறு சொல்கிறான். இதை ஆட்சி தொடங்கவில்லை என்கிறான். பெரிய நூலைச் சிறிதாக்கினார்கள். சிறியதைக் கால் மணி நேர வானொலி நாடகமாக்கினார்கள். அதையும் இரண்டு நிமிடத்திலே படிக்கிற குறிப்பாக்கினார்கள். இந்தக் கூட்டத்தாருக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை, கிழித்தார்கள். அந்தக் கூட்டத்தாருக்கு இந்தப் பக்கம் பிடிக்கவில்லை, கிழித்தார்கள். மிஞ்சியதை மக்களே சீந்தாமல் விட்டார்கள். தீ வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான். முதலிலே வந்தது கத்தரி!

இப்படி எச்சரித்த நூலையே கத்தரித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1967-ஆம் ஆண்டு. நாவலை வெளியிட்ட பாலன்டைன் நிறுவனம், உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டு வந்தது. பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதாம்! ஏறத்தாழ 75 இடங்களிலே கை வைத்தார்கள். வசைச்சொல் வந்த இடமெல்லாம் வழித்தெடுத்தார்கள். கருக்கலைப்பு என்ற சொல்லைக் கலைத்தார்கள். கதையிலே வந்த குடிகாரனை நோயாளியாக்கினார்கள். மது ஒழிப்பு இவ்வளவு சுலபம் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! தொப்புளிலே சேர்ந்த பஞ்சைத் துடைப்பதாக ஓரிடம். அதைக் காதைத் துடைப்பதாக மாற்றினார்கள். காது கண்ணியமானது, தொப்புள் தோஷமுள்ளது என்று எந்தச் சாத்திரத்திலே கண்டார்களோ!

இது சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. இது வெட்டப்பட்ட பதிப்பு என்று அந்த நூலிலே ஒரு வரி அறிவிப்பும் இல்லை. எழுதியவரைக் கேட்கவில்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. 1973 வரையிலே பள்ளிக்கு வெட்டியதும், வெளியாருக்கு முழுதும் என்று இரண்டும் விற்றன. 1973-லிருந்து 1979 வரை? வெட்டியது மட்டுமே அச்சாயிற்று. பிள்ளைக்கென்று கொண்டு வந்த கத்தரி, பெற்றவன் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தையும் பதம் பார்த்துவிட்டது.

தீ என்றதும் தமிழனுக்கு 1981-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வரும். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் வெந்த அந்த இரவை எவரும் மறைக்க முடியவில்லை. புகை எழுந்தது, ஊர் கண்டது, உலகம் கேட்டது, கண்டனம் எழுந்தது. கத்தரிக்குப் புகை ஏது? பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பு வகுப்பாக, நூல்களை அழிப்பது அநீதி என்று கரும்பலகையிலே எழுதிப் போட்டு நடத்திய பாடத்தை, அழிக்கப்பட்ட நூலை வைத்துக் கொண்டே நடத்தினார்கள்! அந்த ஆசிரியர்களை நாம் ஏசவில்லை, அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே.

கண்டுபிடித்து ஆசிரியருக்கு எழுதியவர்கள் யார்? பேராசிரியர் பெருமக்களா? பத்திரிகை விமர்சகர்களா? மாணவர்கள்! நூல் எரிப்பைச் சாடும் உங்கள் நூலையே வெட்டியிருக்கிறார்களே, தெரியுமா என்று கடிதம் எழுதினார்கள். பிராட்பரி 1979-லே அந்தச் செய்தியைச் சொல்லிக் கொதித்து எழுதினார். மறு ஆண்டு முழு நூலும் புதிதாக அச்சுக் கோக்கப்பட்டு வெளிவந்தது. அவர் கொதித்து எழுதியது அதன் பின்னுரையாயிற்று. கிளாரிஸ் கேட்க விரும்பிய கேள்வியை அந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். எத்தனை மதிப்பெண் போடலாம் அவர்களுக்கு?

அதோடு ஓய்ந்ததா? ஓயவில்லை. 1992-லே கலிபோர்னியாவின் இர்வைன் நகரத்துப் பள்ளி ஒன்றிலே, இதே நாவலிலுள்ள வசைச்சொற்களைக் கறுப்பு மையால் அடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பெற்றோர் கிளர்ந்தெழுந்த பிறகு அந்தப் பிரதிகளைக் கைவிட்டார்கள். 2006-லே டெக்சாஸ் மாநிலத்திலே ஒரு தந்தை, தம் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திலிருந்து இந்நூலை நீக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். தடைக்கு ஆளான நூல்களை நினைவூட்ட நூலகங்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் வாரம் ஒன்று உண்டு; அந்த வாரத்திலேயே மனு வந்தது!

பெற்றவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி, நமக்கும் பிள்ளைகள் உண்டு. தன் மகள் இதைப் படிக்க வேண்டாம் என்று ஒரு தகப்பன் சொன்னால், அவளுக்கு வேறு நூல் கொடுக்கட்டும், சண்டை இல்லை. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. பக்கத்து இருக்கையிலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் படிக்கக் கூடாது என்பதே கோரிக்கை. அந்தப் பிள்ளையின் தகப்பன் பஞ்சாலையிலே இரவு வேலை பார்ப்பவனாக இருக்கலாம், மனு எழுதத் தெரியாதவனாகவும் இருக்கலாம். அவன் வீட்டிலே வேறு புத்தகம் இல்லை. பள்ளியிலே பறித்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவான்? சீமான் வீட்டுச் செல்வன் கடையிலே வாங்கிக் கொள்வான். தடை என்றாலே இந்த ஏற்றத்தாழ்வு அதற்குள்ளே இருக்கிறது. 2023-24 பள்ளியாண்டிலே மட்டும் அமெரிக்க அரசுப் பள்ளிகளிலே புத்தகங்கள் விலக்கப்பட்ட நிகழ்ச்சிகள் பத்தாயிரத்துக்கு மேல் என்று பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது.

அமெரிக்காக்காரன் பள்ளிக்கூடத்துச் சங்கதி நமக்கெதற்கு என்பீர்கள். நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். ஆங்கில வகுப்பிலே நமக்கும் ஒரு நாவல் இருந்தது, நான்-டீடெயில் என்பார்கள். டிக்கன்ஸ் எழுதிய 'டேவிட் காப்பர்பீல்ட்' கதையின் சுருக்கம், மெல்லிய புத்தகம். ஆசிரியர் வாசிப்பார், நாம் கோடிடுவோம், வினா வரும், விடை ஒப்புவிப்போம். நல்ல சித்தி, கெட்ட சித்தப்பா, கடைசியிலே கல்யாணம் என்று நினைவு வைத்திருந்தோம். நாவல் முழுவதையும் படித்துவிட்டதாகவே பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம்.

பிறகு ஒரு நாள், கூட்டத்துக்குப் போன ஊரிலே, இரவு வண்டிக்கு நேரமிருந்ததால் நூலகத்துக்குள் நுழைந்தோம். அலமாரியிலே அதே பெயர், செங்கல் கனம். புரட்டினோம். பத்து வயதுப் பையன் லண்டன் ஆற்றோரத்திலே எலிகள் ஓடும் கிடங்கிலே புட்டி கழுவுகிறான், சீட்டு ஒட்டுகிறான், தக்கை அடைக்கிறான். வாரக் கூலி போதாமல் ரொட்டித் துண்டை இரவுக்கென்று எடுத்து வைக்கிறான். டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதிலே, தந்தை கடன்காரர் சிறையிலே கிடக்க, வாரம் 6 ஷில்லிங்குக்குக் காலணி மைப் புட்டிக்குச் சீட்டு ஒட்டிய அந்த நாட்களை வைத்தே அந்த அத்தியாயத்தை எழுதினார் என்பதைப் பின்னர் அறிந்தோம். நின்றபடியே படித்தோம், வண்டி போய்விட்டது.

ஊர் திரும்பியதும் பரணிலே தேடிப் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அந்தக் கிடங்குக்கு அதிலே கொடுத்திருந்த இடம் நான்கு வரி.