மாறும் பாடநூல், மாறாத தேர்வு

பெங்களூருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வெழுதும் மாணவர், சமூக அறிவியல் வினாத்தாளில் இந்திய வரைபடம் வரைந்து கேட்கப்படும் இடங்களைக் குறிக்க வேண்டும். காவிரி கேட்கப்பட்டால், ஒரு கோடு இழுத்துப் பெயர் எழுதினால் போதும், மதிப்பெண் கிடைத்துவிடும். அவர் வாழும் நகரின் குடிநீரில் பெரும்பகுதி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் ஓடும் அதே ஆற்றிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. அந்த ஆற்றின் பெயரால் 1991 டிசம்பரிலும், 2016 செப்டம்பரிலும் அந்த நகரின் தெருக்களில் வன்முறை வெடித்தது. வரைபடத்தில் காவிரியைச் சரியாகக் குறிக்கத் தெரிந்த ஒருவருக்கு, அந்த ஆற்றின் வழக்கைப் பற்றி வதந்தி எது, உண்மை எது என்று பிரித்தறியத் தெரியாமல் போனால், அவர் பெற்ற மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் என்ற ஒரே பெயருக்குள் வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல், புவியியல், பொருளாதாரம், வணிகக் கல்வி என ஆறு பகுதிகள் அடங்கியுள்ளன. எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்கள். அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்கள். கன்னடம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி உள்ளிட்ட மொழிகளிலும் இத் தேர்வை எழுத வழியிருக்கிறது. இத்தனை பகுதிகளையும் ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டிய ஆசிரியருக்கு, விவாதத்துக்கு நேரமில்லை. ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்ய வைப்பதே அவருக்கு எஞ்சியுள்ள வழி.

2024-ஆம் ஆண்டு தேர்வு அறைகள் கேமராக்கள் மூலம் நேரலையில் கண்காணிக்கப்பட்டன. முந்தைய ஆண்டு 83.89 சதவீதமாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி, 73.40 சதவீதமாகக் குறைந்தது. கருணை மதிப்பெண்ணை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்திய பிறகும் இதுதான் நிலை. தொடர்ந்து, தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை 35 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைக்கும் முடிவு 2025-இல் அறிவிக்கப்பட்டது. கற்பித்தலைச் சீர்செய்வதைவிடத் தேர்ச்சிக் கோட்டைத் தாழ்த்துவது அரசுக்கு எளிதாக இருக்கிறது.

தேர்வு முறையைத் திருத்துவதில் காட்டப்படாத வேகம், பாடநூலைத் திருத்துவதில் மட்டும் காட்டப்படுகிறது. கர்நாடகத்தில் ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்தில் முடம்பாடித்தாய குழு, பரகூர் ராமச்சந்திரப்பா குழு, ரோஹித் சக்ரதீர்த்த குழு, மஞ்சுநாத் ஹெக்டே குழு என ஒன்றன்பின் ஒன்றாகப் பாடநூல்களில் கை வைத்தன. இவற்றில் 2022-இல் எழுந்த சர்ச்சை நாடறிந்தது. பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூலில் ஹெட்கேவாரின் உரை சேர்க்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் பசவண்ணர் குறித்த பகுதி மாற்றப்பட்டதை மடாதிபதிகள் எதிர்த்தனர். அம்பேத்கரை அரசியல் சாசனச் சிற்பி என்று குறிப்பிடும் சொற்கள் விடுபட்டது கண்டனத்துக்கு உள்ளானது. தேவனூர் மகாதேவ, ஜி. ராமகிருஷ்ணா போன்ற எழுத்தாளர்கள் தங்கள் படைப்புகளைப் பாடநூலில் பயன்படுத்த அளித்த அனுமதியைத் திரும்பப் பெற்றனர். அந்த ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி குழு கலைக்கப்படுவதாக முதல்வர் பசவராஜ் பொம்மை அறிவித்தார். குழு கலைந்தது, நூல்கள் நின்றன. பிழைகளுக்கு மட்டும் தனியே திருத்தம் வெளியிடப்பட்டது.

2023-இல் ஆட்சி மாறியது. ஜூன் 15-ஆம் தேதி கூடிய சித்தராமையா அமைச்சரவை, ஹெட்கேவார், சாவர்க்கர் குறித்த பாடங்களை நீக்க முடிவெடுத்தது. அப்போதும் நூல்கள் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போய்விட்டிருந்தன. ஆகவே, எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லத் துணை ஏடு தேவைப்பட்டது. இரண்டு ஆட்சிகளின் கொள்கைகள் எதிரெதிரானவை. ஆனால், கல்வியாண்டு தொடங்கிய பின் மாணவரின் கையில் திருத்தத் தாளைத் திணித்ததில் இரண்டும் ஒன்றே.

இது கர்நாடகத்தின் தனிக் குறையன்று. தமிழக வாசகர்கள் 2011-ஐ மறந்திருக்க முடியாது. ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்வி நிறுத்திவைக்கப்பட, ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை மாணவர்கள் பாடநூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். பின்னர் வந்த நூல்களில் சில பகுதிகள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. தில்லியிலும் இதே கதைதான். 2002-இல் எழுதப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூல்கள், 2004-இல் ஆட்சி மாறிய பின் விலக்கப்பட்டன. 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் நீக்கப்பட்டது.

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குப் பாடநூலை மாற்ற உரிமையில்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. புதிய ஆய்வுகள் வரும்போது வரலாறு திருத்தப்பட வேண்டும். விடுபட்டவர்கள் சேர்க்கப்பட வேண்டும். ஆனால், எந்தச் சான்றின் அடிப்படையில், யாருடைய பரிசீலனைக்குப் பின், எப்போது என்ற கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். ஒரு தலைவரை நீக்கி மற்றொரு தலைவரைச் சேர்க்கும் இரு தரப்பினரும், அச்சிட்டதை மாணவர் அப்படியே விழுங்குவார் என்றே நம்புகின்றனர். தேர்வும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. விழுங்கியதை ஒப்பிப்பவருக்கே முழு மதிப்பெண். தேர்வு மாறாதவரை, எந்தக் குழு எழுதிய நூலும் மனப்பாட நூலாகவே இருக்கும்.

இந்த அலட்சியத்தின் விலையைத் தில்லியில் பார்க்கலாம். ராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரிகள் முதலில் வாங்குவது, ஆறாம் வகுப்பு முதலான வரலாறு, புவியியல் பாடநூல்களையே. அவர்களில் பொறியியல் முடித்தவர்கள் ஏராளம். பதினைந்து வயதில் 'தேறினால் போதும்' என்று ஒதுக்கிய பாடத்தை, கட்டணம் செலுத்தி மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்கின்றனர்.

வரலாறும் புவியியலும் எதற்காக என்பதற்குக் காவிரியைவிடச் சிறந்த பாடம் தென்னிந்தியாவில் இல்லை. 1892, 1924 உடன்படிக்கைகள், கண்ணம்பாடி அணை, 1934-இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், தமிழகத்துக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்று 2007-இல் அது அளித்த இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி பெங்களூருவின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. சேர்த்தது ஆகிய அனைத்தும் ஆவணங்களாக உள்ளன. குடகின் மழையும் தஞ்சையின் குறுவையும் ஒரே வரைபடத்தில் அடங்கும். இரு மாநில வாதங்களையும் அருகருகே வைத்து, 'எது வலுவானது, ஏன்?' என்று கேட்கும் ஒரு வினா, நூறு மனப்பாட விடைகளுக்குச் சமம்.

இது நடக்கக்கூடியதுதானா என்ற ஐயம் எழலாம். எழுபது ஆண்டுகளில் மூன்று போர்களை நடத்திக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும், மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூலை 2006-இல் வெளியிட்டன. அதற்கான யோசனையை 2003-இல் முன்வைத்தவர்கள் இரு நாட்டு இளைஞர்களே. ஒரே நாட்டின் இரு மாநிலங்கள், ஓர் ஆற்றைப் பற்றி ஒரு பொதுப் பாடத்தையாவது எழுத முடியாதா?

பாடநூல்களைக் கண்காணிக்கத் தன்னாட்சி கொண்ட தேசியப் பாடநூல் மன்றம் தேவை என்று மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தின் குழு 2005-லேயே பரிந்துரைத்தது. மாநில அளவில் அத்தகைய அமைப்பைச் சட்டப்படி உருவாக்கலாம். திருத்தங்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளி வேண்டும். அச்சான பின் மாற்றம் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் பொதுவில் வைக்கப்பட வேண்டும். வினாத்தாளின் ஒரு பகுதியாவது, சான்றுகளைக் கொடுத்து முடிவைக் கேட்பதாக அமைய வேண்டும்.

பாடநூலில் யார் இருக்க வேண்டும் என்ற சண்டையில் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு கட்சி வெல்கிறது. பெங்களூருவின் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருமுறைகூட வென்றதில்லை. அவர் நாளைய வாக்காளர் என்பதையும், காவிரியின் பெயரால் மீண்டும் பதற்றம் எழும் நாளில் தெருவில் நிற்கப்போகிறவர் அவரே என்பதையும் ஆள்வோரும் ஆளத் துடிப்போரும் நினைவில் கொள்வது நல்லது.