ஆட்சி மாறியும் ஓயாத கேலிப் பாட்டு

2025 ஜூன் 14-ம் தேதி ஐதராபாத்தில் தெலங்கானா அரசின் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. அவற்றுக்குக் கத்தர் விருது என்று பெயர். 1985 முதல் 1990 வரை தலைமறைவாக வாழ்ந்து, 1997-ல் துப்பாக்கிக் குண்டடி பட்டு, ஆட்சியாளர்களைப் பாட்டாலேயே சாடி வந்தவர் கத்தர். 2023 ஆகஸ்டில் அவர் காலமானபோது ஆல்வாலில் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. அரசு அஞ்சிய குரலை அரசே கொண்டாடுகிறது.

தலைவர்களின் சொற்பொழிவு மறுநாளே மறந்து போகிறது. பத்திரிகைத் தலையங்கத்தின் கதியும் அதுவே. அரசியலைக் கேலி செய்யும் பாட்டுக்கு மட்டும் இந்த நீண்ட ஆயுள் எப்படி வந்தது?

நிஜாமை ‘அடே’ என்ற பாட்டு

தெலங்கானா விவசாயிகள் நிஜாம் ஆட்சியை எதிர்த்துப் போராடிய 1940-களில் பண்டி யாதகிரி என்பவர் ஒரு பாட்டுக் கட்டினார். வண்டி வண்டியாகக் கட்டி வரும் நிஜாம் சர்க்காரை ஒருமையில் அழைத்து ஏளனம் செய்யும் பாட்டு அது. குனிந்து சலாம் போட வேண்டியவரை ‘அடே’ என்னும்போதே பாதி பயம் போய்விடுகிறது.

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது; பாட்டு முடியவில்லை. 1979-ல் உருவான ‘மா பூமி’ படத்தில் கத்தர் அதைப் பாடி நடித்தார். தனி மாநிலம் கேட்ட மேடைகளிலும் அது ஒலித்தது. ஆள் போனாலும் நாற்காலி இருக்கிறது. பாட்டு நாற்காலியைப் பார்த்தே பாடப்படுகிறது.

வெள்ளைக் கொக்கு

தமிழ்நாட்டின் அனுபவமும் இதுவே. தியாகி விசுவநாததாஸ் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டத்தைச் சாக்காக வைத்து, வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கொக்கு யார் என்று சொல்ல மாட்டார், சபை புரிந்துகொள்ளும். வழக்குப் போட வேண்டுமானால், ‘கொக்கு என்றது எங்களைத்தான்’ என்று சர்க்காரே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்! பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் நாடக மேடையிலேயே உயிர் நீத்தார்.

2025 மார்ச்சில் மும்பையிலும் இதே கதை. மேடை நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, பழைய இந்தி சினிமா மெட்டு ஒன்றில், மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் கேலி செய்தார். ஷிண்டே கட்சியினர் நிகழ்ச்சி நடந்த அரங்கை அடித்து நொறுக்கினர். பாட்டு யாரைப் பற்றியது என்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால், அதுவும் தீர்ந்தது. விழுப்புரவாசி என்ற முறையில் காம்ரா சென்னை ஐகோர்ட்டை அணுகி இடைக்கால முன்ஜாமீன் பெற்றார்.

சம்பளமும் கேலியும்

சிறையையும் அடிதடியையும் தாங்கிய கேலிப் பாட்டு, சம்பளத்தைத் தாங்குமா? 2014-ல் மாநிலம் பிறந்த பின் தெலங்கானா அரசு ‘சாம்ஸ்கிருதிக சாரதி’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, இயக்க மேடைகளில் பாடிய பலர் உள்பட சுமார் 550 கலைஞர்களை வேலைக்கு அமர்த்தியது. வறுமையில் வாடிய கலைஞரின் வயிற்றுக்கு வழி பிறந்தது நல்லதே. ஆனால் அவர்களுக்கு இடப்பட்ட வேலை, அரசுத் திட்டங்களை ஊர் ஊராகப் பாடிப் பரப்புவது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாளியைக் கேலி செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை ஆபீஸ் குமாஸ்தாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தல் பிரசார காலத்தில் ஐதராபாத், செகந்திராபாத் தெருக்களைச் சுற்றும் பாட்டு வண்டிகளின் சங்கதியும் அதுதான். எதிர்க்கட்சியை அவை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யும். வாடகை கொடுத்தவரைத் தொடாது. அதனால்தான் வாக்கு எண்ணி முடிந்ததும் அந்தப் பாட்டுகளை எவரும் முணுமுணுப்பதில்லை. மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் சிரித்த பாட்டே நிலைக்கிறது.

மறைந்த பாடகரின் பெயரில் விருது கொடுப்பது எந்த ஆட்சிக்கும் எளிது. இன்றைய ஆட்சியை இன்றே கேலி செய்யும் பாடகர் பாடி முடித்து, பயமின்றி வீடு போய்ச் சேர வேண்டும். கத்தருக்குச் செய்யும் மெய்யான மரியாதை அதுவே.