யாருடைய ஏழு மணி?

நேர மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் எங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவு பெண்களுக்கென்று ஓர் ஆன்லைன் பயிற்சி வைக்கும். பேச வருகிறவர் சிரித்த முகத்துடன் சொல்வார்: காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். அன்றைய முக்கியமான மூன்று வேலைகளை எழுதி வையுங்கள். 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள். இதே பயிற்சியை ஆண்களுக்கு வைத்து நான் பார்த்ததில்லை. நேரம் போதாமல் போவது ஏதோ பெண்களுக்கு மட்டும் வரும் ரத்தசோகை போலவும், நான்கு மாத்திரை விழுங்கினால் சரியாகிவிடும் என்பது போலவும் பேசுகிறார்கள்.

பதினோரு பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்றுக்கு நான் லீட். கோவையில் என் வீட்டிலிருந்தே வேலை. குழுவில் சிலர் சென்னையில், ஒருவர் நாகர்கோவிலில், இருவர் புனேயில். வாடிக்கையாளர் நியூஜெர்சியில். நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. இப்படிச் சிதறிக் கிடக்கும் குழுவை நடத்தும்போது நேரம் என்பது ஒருத்தியின் ஒழுங்கைச் சார்ந்த விஷயமே இல்லை. யாருடைய வசதிக்கு யார் வளைய வேண்டும் என்பதுதான் கேள்வி.

தினமும் நடக்கும் நிலவரக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுப்பேற்றபோது அது நியூஜெர்சி நேரம் காலை ஒன்பதரைக்கு இருந்தது. நமக்கு மாலை ஏழு. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். உடனே நம் ஏழு மணி எட்டு மணியாகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே. அங்கே அவர்கள் கடிகாரத்தைத் தொட்டால் இங்கே நாகர்கோவிலில் ஒரு பெண் இட்லித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடி வருவாள். ஏழு மணியோ எட்டு மணியோ, குழந்தைக்குப் பசிக்கிற நேரம், வீட்டுப்பாடம் செய்ய வைக்கிற நேரம், வயதானவர்கள் மாத்திரைக்கு முன் சாப்பிட்டாக வேண்டிய நேரம். எங்கள் குழுவின் ஆண்களுக்கும் அதே ஏழு மணிதான். ஆனால் அவர்கள் கூட்டம் முடிந்து வரும்போது தட்டு தயாராக இருக்கும்.

இது என் கற்பனை இல்லை. ஒன்றிய அரசே 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எண்ணினால்தான் அந்த 97. அப்படிக் கைவைத்தவர்கள் நான்கில் ஒருவர். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள்: பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இடையில் ஒரு கொள்ளைநோய் வந்து ஊரையே வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டுப் போனது. வீட்டிலிருந்தே வேலை என்பது சாதாரணமானது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. சமத்துவம் என்றால் இதுதான் போலிருக்கிறது. இந்த 289 நிமிடத்தை வைத்துக்கொண்டிருப்பவளிடம் போய், ஐந்து மணிக்கு எழுந்திரு என்கிறார்கள். அவள் ஏற்கெனவே எழுந்துதானே இருக்கிறாள்.

நேரத்தை மிச்சப்படுத்தும் கலை பிறந்த இடமும் இப்படித்தான். அமெரிக்கப் பொறியாளர் லில்லியன் கில்பிரெத்தும் அவருடைய கணவரும் தொழிற்சாலைகளில் ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பேர்வாங்கியவர்கள். பன்னிரண்டு குழந்தைகள் பெற்றவர் அவர். 1924இல் கணவர் இறந்ததும், பெண் பொறியாளரை நம்பி வேலைதர நிறுவனங்கள் தயங்கின. ஆகவே அவர் சமையலறைக்குத் திரும்பினார், அதாவது சமையலறையில் நடையை எப்படிக் குறைக்கலாம் என்று ஆராயத் தொடங்கினார். குனியாமல் காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடை அவர் தந்ததுதான். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் வீட்டு வேலைக்கு ஆள் இருந்தது என்பதைச் சொல்லாமல் அவர் கதையை மட்டும் நமக்குச் சொல்வது மோசடி. என் வீட்டுக்கும் காலை ஆறரைக்கு ஓர் அக்கா வருகிறார். ஒன்பது மணிக்கு நான் லேப்டாப்பைத் திறப்பது அவர் தன் வீட்டில் ஐந்தரைக்கே சமைத்து முடித்துவிடுவதால்தான். பயிற்சியில் பேச வருகிறவர் யாரும் இந்தக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டியதில்லை.

சரி, லீட் என்ற முறையில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் அந்த ஏழு மணியைக் கேள்வி கேட்டேன். என் மேலாளர் பதறினார். "கிளையன்ட் ஒத்துக்க மாட்டாரும்மா. நாலு வருஷமா இப்படித்தான் போயிட்டிருக்கு." கிளையன்ட்டிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. நாலு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. நான் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இரண்டே வரி: அவர் காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிடுவாராம், ஏழரைக்குப் பேசலாமாம். அங்கே ஏழரை என்றால் நமக்கு மாலை ஐந்து, குளிர்காலத்தில் ஆறு. ஒருவர் வாயைத் திறந்து கேட்காததால் எத்தனை வீடுகளில் எத்தனை மாலைகள் போயின என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது.

தினக்கூட்டத்தையும் வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தோம். மற்ற நாள்களில் ஆளுக்கு மூன்று வரி எழுதிவைத்தால் போதும்: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே சிக்கல். அதைக் காலை பதினொரு மணிக்குள் எழுதலாம், இரவு பால் கொடுத்துக்கொண்டும் எழுதலாம். எந்த முடிவும் பேச்சோடு போகக் கூடாது. பொது ஆவணத்தில் எழுத வேண்டும், மறுத்துச் சொல்ல ஒரு முழுநாள் அவகாசம் இருக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் ஆண்கள் நான்கு பேர் தனியாக கால் போட்டு முடிவெடுத்துவிட்டு, "நேத்து பேசிட்டோமே" என்று மறுநாள் சொல்வது இதனால் நின்றது. பத்து முதல் பன்னிரண்டு வரை யாரும் யாரையும் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. நிரல் எழுதுகிற வேலைக்குத் துண்டுதுண்டான அரைமணிகள் உதவாது.

இதில் எதிர்ப்பு வந்தது எதற்குத் தெரியுமா? கூட்டக் குறிப்பு எழுதுவதை அகரவரிசைப்படி எல்லோரும் முறைவைத்துச் செய்ய வேண்டும் என்றதற்குத்தான். அதுவரை குறிப்பு எழுதியவர்கள் இரண்டு பெண்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தது, பிறந்தநாளுக்குப் பணம் வசூலித்தது, முகம் வாடியவரிடம் தனியாகப் பேசியது, எல்லாம் பெண்கள்தான். இவை எதற்கும் டிக்கெட் எண் கிடையாது, எனவே அப்ரைசலில் இவை இல்லவே இல்லை. "அவங்க நீட்டா எழுதுவாங்க" என்றார் ஒருவர். பழகினால் உங்களுக்கும் நீட்டாக வரும் என்றேன்.

அப்ரைசல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. குழுவில் ஆறு மாதக் குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். கேமராவை அணைத்துவைத்திருப்பாள், சில நேரம் பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும். கமிட்மென்ட் குறைவு என்று மேலே எழுதிவிட்டார்கள். அவள் அந்தக் காலாண்டில் முடித்துக்கொடுத்த வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு அனுப்பினேன். குழுவிலேயே அவளுடையதுதான் நீளம். "அதெல்லாம் சரி, ஆனா அவெய்லபிளா இல்லையே" என்று பதில் வந்தது. ஒரு படி குறைத்தே மதிப்பிட்டார்கள். "விடுங்கக்கா, வேலை இருந்தா போதும்" என்றாள். எனக்கு விட மனமில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகப்பேறு நலச் சட்டம் இரண்டு விஷயம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம். நிறுவனங்கள் இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறக்கடிக்கின்றன. மடியில் குழந்தையும் மேசையில் லேப்டாப்பும் இருந்தால் அதற்குப் பெயர் காப்பகமா? அலுவலகத்துக்கு வரச்சொல்லி இரவு நேர வேலை கொடுத்தால் பெண்ணின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வீட்டுக்குக் கொண்டுவிட வண்டியும் கேட்கலாம். வீட்டிலிருந்தே இரவு பதினொன்று வரை உட்கார்ந்தால் ஒப்புதலை யார் கேட்கிறார்கள்? இதைச் சொன்னால், அப்படியானால் எல்லோரும் ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்கிறார்கள். நாகர்கோவில் பெண்ணால் வர முடியாது. வேலையை விடுவாள். நான் கேட்பது அதை இல்லை.

வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். கணவரும் இன்னொரு நிறுவனத்தில் லீட்தான், அவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அவருக்குக் கதவுள்ள அறை, எனக்குச் சாப்பாட்டு மேசை. அவர் 'கால்ல இருக்கார்', நான் 'லேப்டாப்ப வெச்சுட்டு உக்காந்திருக்கேன்'. மாலைக் கூட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றிய வாரமே அத்தை சொன்னார், "ஏங்கண்ணு, இனி ஏழு மணிக்கு நீ சும்மாத்தானே இருப்பே, சப்பாத்தியே போட்டுரலாமே." நியூஜெர்சியிடமிருந்து மீட்ட ஒரு மணி நேரத்தை அடுப்படி கையோடு வாங்கிக்கொண்டது. ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு பேரின் கூட்ட நேரத்தையும் ஒட்டினேன். அந்த அறையை நாள்மாற்றி ஆளுக்கொரு நாள் என்று பங்கு வைத்தோம். செவ்வாயும் வியாழனும் இரவுச் சமையல் அவருடையது. முதல் மாதம் எல்லோரிடமும் "அவளுக்கு உதவுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய வயிற்றுக்குச் சமைத்துவிட்டு யாருக்கு உதவி என்று கேட்டேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் இப்போது புழக்கத்தில் இல்லை, அத்தையின் வாயில் மட்டும் இன்னும் இருக்கிறது.

வரும் நவம்பரில் நியூஜெர்சிக் கடிகாரம் மறுபடி பின்னால் போகும். எங்கள் ஐந்து மணி ஆறாகும், ஆறு மணிக்கும் குழுவில் இரண்டு பேருக்குச் சிரமம். ஆகவே கூட்ட அழைப்பை இந்திய நேரத்தில் பதிந்துவைத்திருக்கிறேன். கடிகாரம் மாறினால் அங்கே ஆறரைக்கு அவர் வர வேண்டியிருக்கும். மின்னஞ்சல் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.