மோப்பம் பிடிக்கும் பற்பம்

உலோகத்தைப் புடமிட்டுப் பற்பமாக்கும் வித்தை நம் சித்த வைத்தியர்களுக்குப் புதிதன்று. உலோகமும் பிராணவாயுவும் கூடிய அத்தகைய பொடியே இன்று விஷ ஆவிகளை மோப்பம் பிடிக்கும் காவலாளியாக உத்தியோகம் பார்க்கிறது என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்குமல்லவா?

இவ்வழியைக் காட்டியவர்கள் ஜப்பானியர். 1962ஆம் ஆண்டில் கியூஷு சர்வகலாசாலையின் ஸெய்யாமா குழுவினர் துத்தநாக ஆக்ஸைடைக் கொண்டும், அதே ஆண்டில் நவோயோஷி டகூச்சி என்பவர் வெள்ளீய ஆக்ஸைடைக் கொண்டும் வாயுவை அறியும் உபாயம் கண்டனர். சமையல் வாயு கசிந்து அந்நாட்டு வீடுகளில் வெடி விபத்துக்கள் நேர்ந்த காலம் அது.

உபாயம் எளியதே. வெள்ளீய ஆக்ஸைடைப் பீங்கான்போல் சுட்டுச் சிறு வில்லையாக்கி, 200 முதல் 400 டிகிரி உஷ்ணத்தில் வைக்கிறார்கள். காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் படிந்து எலெக்ட்ரான்களைச் சிறைபிடிக்கிறது, மின்சாரம் தடைப்படுகிறது. பென்ஸீன், டொலுவீன் போன்றவற்றின் ஆவி வந்ததும், படிந்த பிராணவாயுவுடன் கூடி எரிகிறது. எலெக்ட்ரான்கள் விடுதலை பெறுகின்றன, மின்சாரம் பெருகுகிறது, அபாய மணி ஒலிக்கிறது.

மூக்கு இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். பென்ஸீன் ரத்தப் புற்றை விளைவிப்பது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருத்தலாகாது என்பது சட்டம். அவ்வளவு சிறிய அளவைப் பெரும்பாலோருடைய நாசி அறியாது.

வில்லைக்கும் குறை உண்டு. வந்த ஆவியின் பெயரைச் சொல்ல அதற்குத் தெரியாது. பென்ஸீனுக்கும் சாராயத்துக்கும் ஒரே கூக்குரல்தான். ஈரக்காற்றும் அதை ஏமாற்றும். பல்லேடியம் போன்ற உலோகங்களைச் சிறிது சேர்த்தும், பலவகை வில்லைகளை ஒருங்கே வைத்தும் இக்குறையைக் குறைத்து வருகிறார்கள்.

ஆனால் காவலாளியின் குறையினும் பெரிது எஜமானரின் அசட்டை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில், யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐஸோஸயனேட் வெளியேறத் தொடங்கியது. கசிவை முதலில் அறிவித்தது கருவியன்று. தொழிலாளரின் எரிந்த கண்கள். கண் எரிந்தால் கசிவு என்று கொள்வதே அங்கு வழக்கமாயிருந்தது. அவ்விஷத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் இயந்திரமோ பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

கருவி ஒன்று இருந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லத் துணியோம். மணி ஒலித்தாலும் செவிசாய்ப்பவர் வேண்டும். ஆயினும், ஏழையின் கண்ணையும் நுரையீரலையும் கருவியாகக் கொள்வது சுதந்திர தேசத்துக்கு அழகாகாது. வர்ணப்பூச்சும் பெட்ரோலும் புழங்கும் இடந்தோறும் இத்தகைய காவலாளியை அமர்த்துவோம். மணி ஒலித்தவுடன் வேலையை நிறுத்தி வெளியேறும் உரிமையையும் தொழிலாளிக்கு அளிப்போம்.