ஆங்கிலத்தில் காலம் அறிந்து பேசுவோம்



நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மூன்று மொழிகளோடு வளர்கின்றனர். தாய்மொழி தமிழ், நாட்டு மொழி மலாய், உலகத் தொடர்புக்கு ஆங்கிலம். இம்மூன்றனுள் ஆங்கிலமே அவர்களைப் பெரிதும் அச்சுறுத்துகின்றது. அவ்வச்சத்தின் வேரைத் தேடிச் சென்றால், பெரும்பாலும் அது வினைச்சொல் காட்டும் காலத்தில் வந்து நிற்கும். "யெஸ்டர்டே ஐ கோ டு டவுன்" என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு வாங்காத பிள்ளை அரிது. "தமிழில் படிப்பதால் வந்த குறை இது" என்று கூறும் பெற்றோரும் உளர். அக்கூற்று பொருந்தாது என்பதும், தமிழைத் தெளிவாக அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் காலமும் எளிதில் கைவரும் என்பதும் என் கருத்து.

பொருள் விளங்கினால் போதாதா, காலத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். "மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி எஸ்டேட்" என்றால், தந்தை இன்றும் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்பது பொருள். "வொர்க்ட்" என்றால், முன்பு செய்தார் என்பது பொருள். இன்று அவருக்கு அவ்வேலை இல்லை என்றே கேட்பவர் கொள்வர். உதவி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இந்த ஓர் ஒலி மாறினால், ஒரு குடும்பத்தின் நிலையே மாறித் தோன்றும். மருத்துவரிடம் பாட்டிக்காகப் பேசும் பேரன், "ஷி டேக்ஸ் தி மெடிசின்" என்றால் நாள்தோறும் மருந்து உண்கிறார் என்பது பொருள். "ஷி டுக் தி மெடிசின்" என்றால் உண்டு முடித்தார் என்பது பொருள். காலப் பிழை வெறும் மதிப்பெண் பிழையன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, தமிழின் இயல்பை நோக்குவோம். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்னும் சொற்களில் த், ட், ற், இன் என்னும் இடைநிலைகள் இறந்தகாலம் காட்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் வகுத்துரைக்கின்றது. நம் மொழியில் காலம் வினைச்சொல்லின் உள்ளேயே உறைகின்றது. "நேற்றுக் கடைக்குப் போகிறேன்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. மலாய்மொழியிலோ, "மாக்கான்" என்னும் வினை நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் மாறாது. காலத்தை வேறு சொற்கள் உணர்த்தும். அஃது அம்மொழியின் இயல்பேயன்றிக் குறையன்று. ஆனால், அவ்வழக்கத்தில் ஆங்கிலத்தையும் பேசினால், "யெஸ்டர்டே" என்று சொன்னபின் வினையை மாற்றவேண்டும் என்பது மறந்துபோகும். ஆகவே, இப்பிழையைத் தமிழின்மேல் சுமத்துதல் முறையாகாது.

ஆங்கில இறந்தகாலத்தில் பெரும்பாலான வினைகள் ஒரே ஈற்றைப் பெறும். எழுத்தில் ஒன்றாயினும், ஒலியில் அது வேறுபடும். "வாக்" என்பது "வாக்ட்" ஆகும், "வாக்கெட்" அன்று. "பிளான்ட்" என்பது மட்டும் "பிளான்டட்" என ஓர் அசை கூடி ஒலிக்கும். தெளிவாகக் காதில் விழாத ஈறு, கையெழுத்தில் வராமற்போவது இயல்பே. எனவே, எழுதுமுன் வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும்.

விதிக்கு அடங்காத வினைகளும் பல உண்டு. "ஈட்" என்பது "ஏட்" ஆகிறது. "கோ" என்பது "வென்ட்" ஆகிறது. பழங்காலத்தில் வேறொரு வினைக்கு உரியதாய் இருந்த "வென்ட்", பின்னர் "கோ"வுக்கு வந்து சேர்ந்தது. இவற்றைக் கண்டு மாணவர் மலைக்க வேண்டா. தமிழில் மட்டும் என்ன? வா என்பது வந்தான் ஆகிறது. சொல் என்பது சொன்னான் ஆகிறது. கேள் என்பது கேட்டான் ஆகிறது. இவற்றையெல்லாம் நாம் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தோமா? கேட்டுக் கேட்டுப் பேசினோம், தாமே வந்தன.

நிகழ்காலத்தில்தான் உண்மையான இடறல் இருக்கின்றது. "அப்பா நாள்தோறும் பால்மரம் வெட்டுவார்" என்று தமிழில் வழக்கத்தைச் சொல்லும்போது, எதிர்கால இடைநிலையாகிய "வ்" வருகின்றது. அதை அப்படியே பெயர்க்கும் மாணவன் "வில் டேப்" என்று எழுதிவிடுகிறான். "வெட்டுகிறார்" என்பதோ வழக்கத்திற்கும் இப்பொழுதைய செயலுக்கும் பொதுவாய் நிற்கின்றது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடும். வழக்கமானால் "ஹி டேப்ஸ் எவ்ரி மார்னிங்". இக்கணம் நடப்பதானால் "ஹி இஸ் டேப்பிங் நௌ". முன்னதை "நிகழ்காலம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "வழக்கக் காலம்" என்றும் விளக்கிக் கற்பித்தால் குழப்பம் பாதி தீரும். "டேப்ஸ்" என்பதன் ஈற்றிலுள்ள "ஸ்" விடுபடலாகாது. வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறது என இத்தனை ஈறுகளைத் தவறாது ஆளும் நாவுக்கு, அந்த ஒன்று பாரமாகுமோ?

எதிர்மறையிலும் இத்தகைய இடறல் உண்டு. "போகவில்லை" என்னும் சொல் நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலோ நேற்றைக்கு "டிட் நாட் கோ" என்று சொல்லவேண்டும். "டிட் நாட் வென்ட்" என்பது பிழை. காலத்தை "டிட்" சுமந்துகொண்டது. ஒரு மூட்டையை ஒருவர் தூக்கியபின், அதே மூட்டையை மற்றொருவரும் தூக்க வேண்டுமோ? வினாவிற்கும் இதுவே முறை: "டிட் யூ கோ?"

இவ்வேற்றுமைகளை விளக்கத் தமிழைவிடச் சிறந்த கருவி நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆங்கிலப் பாடவேளையில் ஆங்கிலமே மிகுதியும் ஒலிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், இரு மொழிகளும் பிரியும் இடத்தில் தமிழால் ஐந்து நிமிடம் விளக்குவது நேரத்தை வீணாக்குவதாகாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் பிள்ளைகளைக் காலியிடம் நிரப்புவதிலேயே ஆழ்த்தி வைப்பானேன்? தம் நாளைத் தாமே சொல்லவும் எழுதவும் அவர்களுக்கு வாய்ப்பளிப்போம்.

பெற்றோர்களே! ஆங்கிலம் அறியாத நாம் என்ன உதவி செய்ய முடியும் என்று தளர வேண்டா. இரவு உணவுக்குப்பின் தமிழில் நான்கு கேள்விகள் கேளுங்கள். நாள்தோறும் என்ன செய்வாய்? இப்பொழுது என்ன செய்கிறாய்? நேற்று என்ன செய்தாய்? நேற்று என்ன செய்யவில்லை? பிள்ளை முதலில் தமிழில் விடை கூறட்டும். பின்னர் அதையே ஆங்கிலத்தில் சொல்லட்டும். "நேற்று என்றாயே, வினைச்சொல் மாறியதா? இல்லையென்றால், அதை மாற்றிய சொல் எது?" என்று கேட்பதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை.

மாணவச் செல்வங்களே! பிழை வரும் என்றஞ்சி வாய்மூடி இருப்பவர் எம்மொழியையும் கற்றதில்லை. தமிழில் ஊன்றி நில்லுங்கள், மலாயைப் போற்றுங்கள், ஆங்கிலத்தைத் துணிந்து பேசுங்கள். நேற்றைய செயலை நேற்றையதாகவும், இன்றைய செயலை இன்றையதாகவும் தெளிவுறச் சொல்லும் ஆற்றல் மூன்று மொழிகளிலும் உங்களுக்கு வாய்ப்பதாக!