பேரேடு ஒன்றே போதும்

கைப்பேசிச் செயலி ஒன்றையாவது எழுதிப் பார்க்காத மாணவர் இன்று நம் விடுதியில் அரியர். கணினி பயில்வோர் மட்டுமல்லர், வரலாறு பயிலும் நண்பர்களும் எழுதுகின்றனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இச்செயலிகளில் ஒரு குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. அதைச் சிறு குறையென்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சிறு குறையன்று என்பது என் துணிபு.

விடுதி உணவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியில் டேப்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் வார உணவுப் பட்டியல், மற்றொன்றில் நம் கணக்கு. பொங்கலுக்கு ஊர் செல்ல, தில்லியிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸைப் பிடிக்க விரையும் மாணவர் முதல் டேப்பில் பத்து நாள் உணவை விலக்குகிறார். கணக்கு டேப்பைத் தொட்டால் பழைய தொகையே நிற்கிறது. விலக்கியது பதிவாயிற்றா இல்லையா என்று ஐயுற்று, திரும்பிச் சென்று மீண்டும் அழுத்துகிறார். அந்த இரண்டாம் அழுத்தம் முதலில் விலக்கியதையே நீக்கிவிடுகிறது. உண்ணாத உணவுக்கு மாத இறுதியில் பணம் கட்டுகிறார். வீட்டார் அனுப்பும் தொகையை எண்ணிச் செலவிடும் நம்மவர்க்கு அது சிறு தொகையா?

காரணம் எளிது. ஒவ்வொரு டேப்பும் சர்வரிடமிருந்து தனக்கென ஒரு படி வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறது. ஐபோனில் ‘வியூ டிட் லோட்’ என்னும் பகுதி திரை முதன்முதலில் உருவாகும்போது ஒரு தடவைதான் ஓடும். திரை கண்முன் வரும்போதெல்லாம் ஓடுவது ‘வியூ வில் அப்பியர்’. விவரம் பெறும் வேலையை முன்னதில் மட்டும் வைத்துவிட்டால், டேப் தான் பிறந்த வேளையில் கண்டதையே ஓதிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களும் இதில் இடறியதுண்டு. ஃபேஸ்புக்கின் வலைப்பக்கத்தில் புதுச்செய்தி வந்ததாக மேலே ஓர் எண் தோன்றும். திறந்தால் ஒன்றுமிராது. எண் மறைந்து, சற்று நேரத்தில் மீண்டும் முளைக்கும். பொறியாளர் திருத்துவர், சில நாளில் அது திரும்பி வரும். 2014-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘ஃபிளக்ஸ்’ என்னும் முறையை வெளியிட்டபோது இக்கதையையே சான்றாக எடுத்துரைத்தது. விவரம் களஞ்சியத்தில் இருக்கட்டும், மாற்றம் ஒரே திசையில் பாயட்டும், திரைகள் களஞ்சியத்தைப் பார்த்துத் தம்மை வரைந்துகொள்ளட்டும் என்பதே அதன் சாரம். இதுவும் முற்றிலும் புதிதன்று. ஒரு பொருளுக்குப் பல காட்சிகள் இருக்கலாம், பொருளை மட்டும் தனியே ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்ற கருத்தை நார்வே நாட்டு டிரிக்வே ரீன்ஸ்காக், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1979-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நாம் பிறப்பதற்கு முன்பே தீர்ந்த வழக்கு!

கருவிக்கும் பஞ்சமில்லை. ஆண்ட்ராய்டுக்கு 2017-இல் கூகுள் அளித்த ‘வியூமாடல்’ இருக்கிறது. டேப்புக்கு ஒன்றாக அதை ஆக்காமல், எல்லா டேப்களையும் தாங்கும் ‘ஆக்டிவிட்டி’க்கு ஒன்று ஆக்கினால் போதும். கடையில் எத்தனை கணக்கப்பிள்ளைகள் இருந்தாலும் பேரேடு ஒன்றுதானே?

“டேப் மாறும்போதெல்லாம் சர்வரைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது” என்பார் உளர். தீராது. விடுதியின் வைஃபை நாம் அறிந்ததே. பாதி படித்த பட்டியல் மீண்டும் உச்சிக்கு ஓடும். பாதி எழுதிய புகார் அழிந்துபோகும். விடை வந்து சேரும்வரை பழைய எண்தான் கண்ணில் நிற்கும்.

இன்னொரு சாரார், “விரலால் இழுத்தால் புதிதாகுமே” என்பர். லோரன் பிரிக்டர் ‘ட்வீட்டி’ செயலிக்காக அமைத்த அழகிய உத்தி அது; நான் குறை கூறேன். ஆனால் அதற்கென ஓர் இடமுண்டு. சமையற்கூடத்தில் திடீரெனப் பட்டியலை மாற்றினால் செயலிக்கு எப்படித் தெரியும்? அங்கே இழுப்பது நியாயம். எப்போது பெற்ற விவரம் என்று நேரத்தையும் காட்டிவிட்டால் நேர்மையும் ஆகும். நானே என் விரலால் அச்செயலிக்குள் செய்த மாற்றத்தை அடுத்த டேப்புக்குச் சொல்ல நான் ஏன் இழுக்க வேண்டும்? தன் வீட்டில் நடந்ததை அடுத்த அறைக்குச் சொல்லாதது எழுதியவரின் சோம்பலேயன்றி வேறன்று.

செயலி எழுதும் நண்பர்களிடம் ஒரு சோதனையை வேண்டுகிறேன். ஒரு டேப்பில் மாற்றம் செய்யுங்கள். சர்வர் ஒப்புக்கொண்டதும் இணையத்தை அணைத்துவிடுங்கள். பிறகு அடுத்த டேப்பைத் திறவுங்கள். அங்கே பழைய எண் இருந்தால், அச்செயலியை விடுதி மாணவர் கையில் இன்னும் கொடுக்க வேண்டாம்.